கிருமி இல்லாத நெஞ்சுக்கு மருந்து

ஜூலை 3, வியாழன்

காலை பத்தே கால் இருக்கும். பிரஸ்ஸில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூன்றாம் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "ஞானசிகாமணிக்கு நீங்க என்ன வேணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். யார் பேசுவது என்றேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். "ஐசியூல இருந்து பேசுதேன். அவுக ஃபோன்ல 'வீடு'ன்னு இந்த நம்பர்தான் இருக்கு."

ஒன்பது வருடத்துக்கு முன் பதிந்தது. மாற்ற மறந்திருப்பார்.

மனைவி என்று சொன்னேன். சட்டப்படி அதுதான்.

போய்ப் பார்த்தேன். கோவில்பட்டி மின்வாரிய அலுவலகத்தில் அவரோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பாதம் மரத்திருக்கிறது. செவ்வாய் முழங்கால். புதன் காலையில் எழ முடியாமல் விழுந்திருக்கிறார். மாலையில் மூச்சு குறைந்து, வாய் வழியாகக் குழாய் போட்டு மெஷினில் வைத்துவிட்டார்கள். நரம்பு நோயாம். மூளை நன்றாக இருக்கிறது, நுரையீரலும் நன்றாக இருக்கிறது, ஆனால் மூச்சை இழுக்கிற தசைக்குச் சேதி போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். இப்போது மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்த டைரியில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதியைத் தவிர நான் வேறெதுவும் எழுதுவதில்லை. டாக்டர்கள் தேதி வாரியாகக் கேள்வி கேட்பார்கள் போலிருக்கிறது. அதற்காக எழுதுகிறேன். அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் இருப்பதுபோல் நோயாளி என்றே எழுதுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்று பதினோரு மணிக்குப் போனேன். டாக்டர் இன்பசேகர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, நோயாளியைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டார்.

"மெஷின் காத்தைத் தள்ளித்தான் உள்ள அனுப்புது மேடம். நாமளா மூச்சு விடுற மாதிரி இல்ல. நாள்கணக்கா தள்ளுறப்ப நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்னக் காத்துப் பைகளெல்லாம் கன்றிப்போகுது. அடிபட்ட இடம்னு நினைச்சு உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். அங்க கிருமியே இருக்காது. ஆனா வந்தது சும்மா திரும்பாது. அது கக்குற சரக்கு நல்ல சதையையும் அரிச்சிடும்."

"அப்படிப்பட்ட மெஷினை ஏன் வச்சிருக்கீங்க?"

"எடுத்தா மூச்சு இல்ல மேடம்."

எலிக்காய்ச்சலுக்கெல்லாம் கொடுக்கிற பழைய ஆன்டிபயாடிக் ஒன்று இருக்கிறதாம். கிருமியைக் கொல்வது தவிர இந்த அரிப்பை அடக்கும் குணமும் அதற்கு இருக்கலாம் என்கிறார்கள். எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்குப் பலிக்குமா என்பது தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி புட்டியில் வெறும் உப்புத் தண்ணீர். ஏழு நாள் ஊசி. யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படிவத்தை வாசித்தேன். "இம்மருந்து கிருமிகளைக் கொல்வதற்கல்லாத நோக்கத்திற்காகக் கொடுக்கப்படலாகும்" என்று ஒரு வரி. இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன், இப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்ததில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் திருத்திவிட்டேன். டாக்டர் தடுக்கவில்லை. "முழுக்கத் திருத்தித் தர முடியுமா? கமிட்டில காட்டி அனுமதி வாங்கிடுறேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் மனைவி.

வேலைக்குப் போகவில்லை. மாலைப் பார்வை நேரம் ஐந்து மணி, இடையில் வீட்டுக்குப் போய் வர பஸ் தோதாக இல்லை.

ஜூலை 5, சனி

நேற்று மாதிரியே. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. ஆள் சொல்ல வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். நோயாளி கண் திறந்தார். கண்ணைத் தவிர வேறெதையும் அசைக்க முடியாது. விரல், உதடு, புருவம் எதுவும் இல்லை. ஆனால் எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும் என்று சிஸ்டர் மகராசி சொன்னார். அன்று ஃபோனில் கூப்பிட்டது இவர்தான். "பேசுங்கக்கா. அவுகளுக்கு ஆறுதலா இருக்கும்லா."

என்ன பேசுவது? "முருங்கைல பூச்சி விழுந்திருக்கு" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் தலையெல்லாம் நரைத்துவிட்டது. நரை விழுந்தபோது நான் பார்க்கவில்லை, இப்போது மொத்தமாகப் பார்க்கிறேன். என்னைப் பார்க்கிற அவருக்கும் அப்படித்தானே இருக்கும். நான் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

நினைவு திரும்பியதால் இனி அவரிடமே சம்மதம் கேட்க வேண்டுமாம். சரி என்றால் ஒரு முறை, வேண்டாம் என்றால் இரண்டு முறை கண் இமைக்கச் சொல்லி டாக்டர் விளக்கினார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. தூங்கவில்லை, மூடிய இமைக்குள் விழி உருண்டது தெரிந்தது.

"பதில் வராம ஊசி போட முடியாது மேடம்" என்றார் டாக்டர். இன்றைய ஊசி நின்றது.

நான் கையெழுத்துப் போட்டதால்தான் வேண்டாம் என்கிறாரோ.

ஜூலை 9, புதன்

ஐசியூவில் எழுத்து அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, ஆங்கிலத்தில். அவர் ஐடிஐ படித்தவர். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி வாழ்நாளில் பேசியதில்லை.

மதியம் பிரஸ்ஸில் உட்கார்ந்து ஒன்று செய்தேன். மேலே பதினெட்டு மெய், கீழே பன்னிரண்டு உயிர், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். விரலை வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். வேண்டிய எழுத்தில் அவர் இமைக்க வேண்டும். ப், பிறகு ஓ, சேர்த்தால் போ. அதிகம் வருகிற எழுத்துகளை முன்னால் கொண்டுவந்தேன். லேமினேட் போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "எந்த ஸ்கூலுக்கும்மா?" என்றார். ஸ்கூலுக்கில்லை என்றேன்.

ஜூலை 10, வியாழன்

அட்டையைப் பிடித்ததும் அவர் கண் மாறியது. முதல் சொல் வர நாலு நிமிடம் ஆயிற்று.

ஏன்.

அடுத்தது காய்ச்சல். அடுத்தது இல்லை. பிறகு மறுபடி ஏன்.

காய்ச்சலே இல்லாதவனுக்கு எதற்குக் காய்ச்சல் மருந்து என்று கேட்கிறார். மயக்கத்தில் இருந்தபோது நாங்கள் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை டாக்டர் என்ன மருந்து, எப்படி இமைப்பது என்றுதான் சொன்னாரே தவிர, எதற்கு என்று விளக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் திருத்திய படிவத்தை வாசித்தேன். மெஷின் தள்ளுவது, கன்றிப்போவது, கிருமி இல்லாத இடத்துக்குப் படை வந்து நல்ல சதையை அரிப்பது, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர், வேண்டாம் என்றாலும் மற்ற வைத்தியம் குறையாது. இரண்டு பக்கம். இமைக்காமல் கேட்டார். டாக்டர் "தொடரலாமா சார்?" என்றார். ஒரு முறை இமைத்தார்.

அதற்குப் பிறகு அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டது என்று அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டேன். பார்வை நேரம் இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஜூலை 12, சனி

காத்திருக்கிற ஹாலில் களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த கொம்பையா என்பவர் இருக்கிறார். வாழை விவசாயம், அறுபது வயதுக்கு மேல். அவர் மனைவியைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. விஷத்தில் மூச்சுத் தசை விழுந்து அந்த அம்மாளும் மெஷினில்தான். பெயர் முத்துப்பேச்சி.

இன்று அவரிடமும் அதே படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் நீட்டினார். "தாயி, அந்த டாக்டர் தம்பி நல்லாத்தான் சொல்லுதாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அழற்சி அழற்சிங்காரே, அது என்னது?"

அழற்சி என்ற சொல்லைப் போட்டதே நான்தான். "கன்னிப் போறது அண்ணாச்சி. அடிபட்டா கன்னிப் போகும்லா, அது நெஞ்சுக்குள்ள."

"அப்படிச் சொல்ல வேண்டியதுதானே."

முழுவதும் வாசித்துக் காட்டினேன். தண்ணீர் விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றேன். யோசித்தார். "நீங்க ஒங்க வீட்டுக்காரருக்குச் சம்மதிச்சிட்டியளா?"

ஆமாம் என்றேன்.

கைநாட்டு வைத்தார்.

ஜூலை 14, திங்கள்

மாலை ஐந்து மணி. அட்டையை அவரே கேட்டார், கண்ணால். நான் விரல் வைத்தேன். எழுத்து எழுத்தாக வந்தது.

வீ. ட். டு. க். கு. ப். போ.

பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அட்டையைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி.

ஜூலை 15, செவ்வாய்

பிரஸ்ஸுக்குப் போனேன். ஆவணி முகூர்த்தம், வேலை குவிந்து கிடக்கிறது.

ஜூலை 16, புதன்

இன்றும் போகவில்லை. ஆவின் பால் அரை லிட்டர் வாங்கினால் பாதி திரிந்துபோகிறது. கால் லிட்டர் வாங்க வேண்டும் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் இப்படித்தான். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கோவில்பட்டிக்கு மாறுதல் ஆர்டர் இருந்தது. அவரே எழுதிக் கேட்டு வாங்கிய மாறுதல். கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சமையற்கட்டுக்குள் போய் மிக்ஸியைப் போட்டேன். சட்னி அரைந்த பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்தியபோது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. யாராவது காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஜூலை 17, வியாழன்

பகல் பன்னிரண்டரைக்குச் சிஸ்டர் மகராசி கூப்பிட்டார். "அக்கா, எங்க போய்ட்டிய? மூணு நாளா அவுக கதவையே பாத்துக்கிட்டு இருக்காவளாம்."

"போகச் சொன்னாரு சிஸ்டர். போயிட்டேன்."

"யாரு போகச் சொன்னா? நீங்க அன்னைக்கு அட்டையக் கையில குடுத்துட்டு விறுவிறுன்னு போய்ட்டிய. அவுக கண்ண இமைச்சுக்கிட்டே இருந்தாவ. நான்தான் மிச்சத்த எழுதினேன். நோட்டுல இருக்கு, வாசிக்கவா? வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வா. இதான் முழுசும். நீங்க அந்த நாற்காலியிலயே கெடக்கியன்னு நான்தான் அவுககிட்ட சொல்லியிருந்தேன். லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வந்தேன், வந்து பாத்தா நீங்க இல்ல."

போ என்று நினைத்தேன். போய் என்பதில் இன்னும் ஓர் எழுத்து இருந்திருக்கிறது. புரூஃப் பார்க்கிறவள் நான்.

ஐந்து மணிக்குப் போனேன். "தூங்கிட்டு வந்துட்டேன்" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க அவருக்குக் கை வராது. என் முந்தானையால் துடைத்தேன். ஐசியூவுக்குள் வெளித்துணி படக்கூடாது, சிஸ்டர் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலை 19, சனி

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளையிட்டுப் போட்டார்கள். முகம் முழுதாகத் தெரிகிறது. சவரம் செய்துவிட்டேன். இடது தாடையில் அந்தப் பழைய தழும்பு இன்னும் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

முத்துப்பேச்சி அம்மாள் காலையில் இறந்துவிட்டார். விஷம் இறங்கிவிட்டது, ஆனால் நுரையீரல் கைவிட்டுவிட்டது என்றார்கள்.

கொம்பையா அண்ணாச்சி ஹாலில் அவர் வழக்கமான நாற்காலியிலேயே இருந்தார். மகன் கீழே ஆம்புலன்ஸ் பேசப் போயிருந்தான். அவர் பக்கத்தில் போக எனக்குப் பயமாக இருந்தது. நான் வாசித்துக் காட்டியிருக்காவிட்டால் அவர் கைநாட்டு வைத்திருக்க மாட்டார். அவரே கூப்பிட்டார்.

"தாயி, அவளுக்குப் போட்டது மருந்தா, தண்ணியா?"

"யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. எல்லாரும் முடிஞ்ச பிறகுதான் பிரிச்சுப் பாப்பாங்க. ரெண்டு வருஷம் ஆகுமாம்."

"நான் இருந்தா இருப்பேன்." மடியில் கிடந்த துண்டை மடித்தார். "எம் வெலாசத்த ஒரு தாள்ல எழுதி அந்தத் தம்பிகிட்ட குடுத்துருங்க. தெரிஞ்சதும் ஒரு கார்டு போடட்டும்."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன், பின்கோடு தப்பு என்று திருத்திச் சொன்னார்.

"எம்மேல கோவமா அண்ணாச்சி?"

"ஒங்க மேல எதுக்கு? நீங்க உள்ளதத்தான் வாசிச்சிய." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "மருந்துன்னா, ஆனதெல்லாம் செஞ்சோம்னு இருந்துக்கிடுவேன். தண்ணின்னா, அடுத்தாப்ல வாறவங்களுக்காவது ஆகட்டும். ஏதாவது ஒண்ணு தெரியணும்லா. தெரியாமத்தான் இருக்க முடியல."

மாலைப் பார்வை நேரத்தில் அவரிடம் இதைச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து அவராகக் கண்டுபிடித்தாரோ என்னவோ, அட்டை கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

வலது கட்டைவிரல் அசைகிறது. மெஷின் இல்லாமல் பதினேழு நிமிடம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மெஷின் இல்லாமல் நான்கு மணி நேரம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் இன்பசேகர் விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். "இவ்வளவு நாள் மெஷின்ல இருந்தவருக்கு இது ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றார்.

"அப்ப மருந்துதானா?"

"நானும் அப்படி நினைக்க ஆசைப்படுறேன். ஆசைப்படக் கூடாதுன்னுதான் எனக்கே சொல்லாம வச்சிருக்காங்க." முத்துப்பேச்சி அம்மாளைப் பற்றி அவரும் நினைத்திருக்க வேண்டும். விலாசத் தாள் அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் குத்தியிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

கழுத்துக் குழாயில் பேசுவதற்கென்று ஒரு சின்ன மூடி போட்டார்கள். முப்பத்தெட்டு நாளுக்குப் பிறகு குரல். எனக்கு ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

"பூச்சி... போச்சா?" என்றார்.

"ஆள் வச்சு அடிச்சாச்சு."

வேறு குரல் மாதிரி இருந்தது, கரகரவென்று. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இன்று கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன், கேட்டுவிட்டேன். "அன்னைக்கு, அந்த மாறுதல் ஆர்டர் அன்னைக்கு, என்ன சொல்ல வந்தீங்க?"

ரொம்ப நேரம் யோசித்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஞாபகம் இல்ல" என்றார்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இத்தனை வருடத்தில் பத்துப் பன்னிரண்டு விதமாக நினைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பதிலும் வைத்திருக்கிறேன். அவருக்கு ஞாபகமே இல்லை. பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

வரும் வழியில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கிவிட்டேன். நடந்து வந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

டிஸ்சார்ஜ். படிவத்தில் விலாசம் எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கோவில்பட்டி... அக்கா வீடு" என்றார். மூச்சு வாங்கினார். நான் எழுதத் தொடங்கவில்லை. "உன் வீடு மாடி. பதினெட்டுப் படி. என்னைத் தூக்க உன்னால ஆகாது."

படியை எண்ணி வைத்திருக்கிறார். நான் எண்ணியதில்லை.

கோவில்பட்டி விலாசத்தை எழுதினேன். அக்கா மகன் வேன் கொண்டுவந்து கூட்டிப் போனான். எழுத்து அட்டையைச் சிஸ்டர் மகராசி அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இனி ஐந்து மணிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ஐந்து மணி வந்தது. சும்மா வாசலில் நின்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சர்ச் ஆராதனைக்குப் பிறகு கோவில்பட்டி போனேன். வாக்கரைப் பிடித்து நாலு அடி வைத்தார். நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பதினோரு அடி.

செப்டம்பர் 14, ஞாயிறு

காய்ச்சலாக இருந்ததால் போகவில்லை. மதியம் ஃபோன் செய்தார். இருவரும் பேசாமல் கொஞ்ச நேரம் லைனில் இருந்தோம். அவர் மூச்சு விடுவது கேட்டது. சீராக இருந்தது. அதை எண்ணிக்கொண்டே இருந்தேன், நிமிடத்துக்குப் பதினாறு.

அக்டோபர் 8, புதன்

ஆராய்ச்சிக்காக மூன்றாம் மாதப் பரிசோதனை. கம்பு ஊன்றித் தனியாகவே பஸ்ஸில் வந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். டாக்டர் இன்பசேகர் திரையைப் பார்த்துவிட்டு, நாலில் மூன்று பங்குக்கு மேலேயே மூச்சு வந்துவிட்டது என்றார்.

"அந்தக் களக்காட்டு அண்ணாச்சிக்குத் தகவல் போச்சா?" என்று அவர் கேட்டார். நான் சொன்னதே இல்லை. அந்த அம்மாள் அடுத்த படுக்கைதானே, டாக்டரும் சிஸ்டரும் பேசிக்கொண்டதைத் திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இன்னும் இல்ல சார். இன்னும் அறுபது பேர் சேரணும்."

"போடும்போது மறந்துராதீங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனோம். அவரை ஏற்றிவிட்டு இறங்கிவிடலாம் என்று நானும் உள்ளே ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கம்பைச் சாத்தி, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் வந்து அவரைப் பார்த்தார்.

"கோவில்பட்டி, ரெண்டு" என்று அவர் காசை நீட்டினார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலாளிக்கு ஃபோன் செய்து நாளைக்கு லீவு சொன்னேன். இதை அக்கா வீட்டில் வைத்து எழுதுகிறேன். படி ஏற வேண்டாத கீழ்வீடு காலியாக இருந்தால் சொல்லுங்கள் என்று பிரஸ் பக்கத்து மளிகைக்கடையில் சொல்லி வைக்க வேண்டும்.